காலணிக் கயிறும் குழந்தையின் கைகளும்

திருத்தணிக்கு அருகே கே.ஜி.கண்டிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவ்வூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். சாலை ஓரத்து வீடு ஒன்றின் திண்ணையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீருடை அணிந்திருந்தான், முதுகில் அவனைவிடப் பெரிய பை. அவனுடைய கறுப்புக் காலணிகளின் கயிறுகள் மட்டும் அவிழ்ந்து தரையில் புரண்டுகொண்டிருந்தன. சிறுவன் அவற்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான், சுற்றினான், இழுத்தான். முடிச்சு விழாமல் கயிறு கையோடு வந்துவிட்டது. மறுபடியும் தொடங்கினான். உள்ளே இருந்து பாட்டி தெலுங்கில் அவசரப்படுத்தினாள். கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தாள். "விடுடா, வேன் வந்துடும்" என்று அவன் கையைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு கால்களுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று. சிறுவன் ஒன்றும் சொல்லவில்லை. கால்களை மட்டும் இன்னும் சிறிது முன்னே நீட்டினான்.

நீட்டிய அந்தக் கால்களைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. தம்பியினிடம் அவளுக்கு இருந்த அன்பில் குறை ஏதும் இல்லை. ஆனால், பள்ளி நடைபெறும் நாட்கள் ஆண்டுக்கு இருநூறுக்குக் குறைவதில்லை. அத்தனை நாட்களும் அவள் அவனுக்கு ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறாள். அத்தனை நாட்களும் அவன் ஒரு பாடத்தையும் படித்து வருகிறான். தன் கையால் ஆகாது, தன் காலைப் பார்த்துக்கொள்வது பிறருடைய வேலை என்பதே அந்தப் பாடம். எந்தப் பாட நூலிலும் அது இல்லை. ஆயினும் எழுத்தைக் காட்டிலும் ஆழமாக அது மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். குழந்தைக்குச் சட்டை மாட்டுவது, பொத்தான் போடுவது, தலை பின்னுவது, காலணி கட்டுவது ஆகிய வேலைகள் நம் குடும்பங்களில் பெரும்பாலும் அக்காமார் தலையிலும் அண்ணன்மார் தலையிலுமே விழுகின்றன. ஆகையால் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய செய்தியை உங்களிடமே சொல்கிறேன்.

காலணிக்குக் கயிறு கட்டுவது என்ன பெரிய வித்தை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எப்படிக் கட்டுவது என்பதை ஒரு தாளில் எழுதி நண்பன் ஒருவனிடம் கொடுங்கள். அவன் உங்கள் எழுத்தில் உள்ளதை மட்டுமே, உள்ளபடியே செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். மூன்றாவது வரியிலேயே உங்கள் தமிழ் தடுமாறத் தொடங்கும். 'இந்தக் கயிற்றை அந்தக் கயிற்றுக்கு அடியில்' என்று எழுதுவீர்கள். எந்தக் கயிறு இந்தக் கயிறு? நண்பன் கையில் சிக்கல்தான் மிஞ்சும். நாள்தோறும் நாம் செய்யும் இந்தக் காரியம் நம் விரல்களுக்குத் தெரியுமேயன்றி நாவுக்குத் தெரியாது. விரலில் இருக்கும் அறிவை வாயால் கற்றுக்கொடுக்க முயல்வதனால்தான் நம்முடைய போதனைகள் குழந்தையினிடம் பலிப்பதில்லை.

அந்தச் செயலுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்ப்போம். இரண்டு கயிறுகளையும் குறுக்கே போட வேண்டும். ஒன்றை மற்றொன்றின் அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். பிறகு ஒரு கயிற்றை மடித்துக் காதுபோல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றக் கயிற்றை அந்தக் காதைச் சுற்றிக் கொண்டுவந்து, கட்டைவிரலுக்குக் கீழே உண்டாகும் சிறு சந்துக்குள் தள்ள வேண்டும். அந்தப் பக்கம் தலைகாட்டும் மடிப்பைப் பற்றி, இரண்டு காதுகளையும் ஒருசேர இழுக்க வேண்டும். இவற்றுள் குழந்தைக்கு மலைபோல் நிற்பது, சந்துக்குள் தள்ளும் கட்டந்தான். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, விரல் மறைத்துக்கொண்டிருக்கிறது. இடக் கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதே சமயத்தில் வலக் கை மட்டும் அசைய வேண்டும். சிறு குழந்தையின் கைகள் ஒன்றாகவே எழும், ஒன்றாகவே விழும். ஒரு கையை அடக்கி நிறுத்தி மறு கையை ஏவுவதற்கு மூளையின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறி ஒத்துழைக்க வேண்டும். அந்த ஒத்துழைப்பு வயது ஏற ஏறவே முதிர்கிறது. பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் இந்த முடிச்சைக் கற்றுக்கொள்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையினிடம் இதை எதிர்பார்த்து அதட்டுவது, பூ விடாத செடியைக் கோபித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

உடுத்தும் கலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. அணிவதற்கு முன்பு கழற்றுவதைக் குழந்தை கற்கிறது. ஒன்றரை வயதிலேயே தொப்பியையும் காலுறையையும் பிடுங்கி எறிகிறது. அதை நாம் குறும்பு என்கிறோம். அடுத்தபடியாக, இடுப்பில் மீள்பட்டை வைத்த கால்சட்டையை ஏற்றிக்கொள்கிறது. மூன்று, நான்கு வயதில் பெரிய பொத்தானைக் காஜாவுக்குள் நுழைக்கிறது. சிறு பொத்தான், ஜிப்பின் அடிநுனியைக் கோப்பது, பாவாடை நாடா, காலணிக் கயிறு ஆகியவை பின்னால் வருகின்றன. முடிச்சு எப்போதும் கடைசியில்தான் வரும்.

நம் வீடுகளில் இந்த வரிசை ஒருபக்கமாகவே நடந்து வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பெண் பாட்டியின் அருகில் உட்கார்ந்து பூத் தொடுக்கக் கற்றுக்கொள்கிறாள். ஒரு கை பூவையும் நாரையும் பிடித்திருக்க, மறு கை நாரைச் சுற்றிச் சுருக்கு வைத்து இழுக்கிறது. காலணி முடிச்சுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா? தன் சடையைத் தானே பின்னி, மடித்து, ரிப்பனால் கட்டியும் கொள்கிறாள். அதே வீட்டில், அதே வயதுள்ள பையன் சட்டைக் கைமடிப்பின் பொத்தானுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். விரல்களில் இருவருக்கும் வேறுபாடு கிடையாது. ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்தோம், மற்றவனுக்குச் செய்து கொடுத்தோம்.

குழந்தைக்கு எதையும் செய்து கொடுப்பதற்கும் கற்றுக்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-இல் இத்தாலியில் பிறந்த அவர் மருத்துவம் படித்தவர். 1907 ஜனவரி 6-ஆம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் சிறு குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தைத் திறந்துவைத்து நடத்தினார். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள்.

ஒரு நாள் அம்மையார் அந்தக் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டினார். கைக்குட்டையை மடிப்பது, ஓசைப்படாமல் துடைத்துக்கொள்வது ஆகியவற்றை ஒரு பாடமாகவே நடத்தினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, கண் கொட்டாமல் கவனித்தார்கள். முடிந்ததும் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள்! அம்மையாருக்கே அது வியப்பாக இருந்ததாம். பிறகுதான் காரணம் புலப்பட்டது. மூக்கு ஒழுகுகிறது என்று அந்தக் குழந்தைகளை எல்லோரும் ஏசியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரையில் யாரும் காட்டியதில்லை. ஏச்சினால் ஏற்பட்ட அவமானத்தைப் பாடம் துடைத்தது. கே.ஜி.கண்டிகைத் திண்ணையில் நான் கண்ட சிறுவனை நினைக்கும்போது இந்த நிகழ்ச்சியும் கூடவே நினைவுக்கு வருகிறது.

உடுத்தக் கற்பிப்பதற்கென்று மாண்டிசோரி அம்மையார் மரச் சட்டகங்கள் செய்வித்தார். ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டு துணிகள் அல்லது தோல்துண்டுகள் எதிர் எதிராகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்றில் பெரிய பொத்தான்கள் இருக்கும், ஒன்றில் சிறிய பொத்தான்கள், ஒன்றில் கொக்கிகள், ஒன்றில் காலணிபோலக் கண்கள் வைத்துக் கோக்கும் கயிறு, இன்னொன்றில் முடிச்சுப் போடும் நாடாக்கள். 1914-இல் அவர் வெளியிட்ட கைந்நூலில் இவ்வாறு பத்துச் சட்டகங்களைக் குறிப்பிடுகிறார். ஒரு சட்டகத்தில் ஒரே ஒரு கஷ்டந்தான் இருக்கும் என்பது இவற்றின் சிறப்பு. தன் கழுத்தடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பொத்தானோடு குழந்தை போராட வேண்டியதில்லை. சட்டகம் மேஜையின்மேல், கண்ணெதிரே, அசையாமல் கிடக்கிறது. வேண்டிய மட்டும் அவிழ்க்கலாம், கட்டலாம். வேன் வந்துவிடும் என்று யாரும் விரட்டுவதில்லை. விரல்கள் பழகிய பிறகு குழந்தை தானாகவே தன் சட்டையைப் பார்க்கத் தொடங்கும்.

இந்த அம்மையாருக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில் 1939 நவம்பரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஆசிரியர் பயிற்சிக்காகச் சில மாதங்கள் தங்கிச் செல்வதே அவருடைய எண்ணம். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்து கூடினார்கள். இதற்கிடையில் யுத்தம் முற்றிற்று. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், அவரும் அவருடைய மகன் மாரியோவும் பகை நாட்டார் ஆனார்கள். மாரியோ அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம், அவருடைய 70-ஆம் பிறந்த நாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்களுக்கென்று வந்தவர் அடையாற்றிலும் பின்பு கோடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணி செய்யும்படி நேர்ந்தது.

அடையாற்றுப் பயிற்சியில் ஒரு விந்தை. அம்மையார் பேசியது இத்தாலிய மொழி. மகன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். கேட்டவர்களோ தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் இன்னும் பல மொழிகளும் பேசியவர்கள். ஆனால் ஒரு பொத்தானைப் போட்டுக் காட்டுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை அல்லவா? குழந்தைக்குக் காட்டும்போது ஆசிரியர் பேச்சைக் குறைத்துக் கையை மெதுவாக அசைக்க வேண்டும் என்பது அவருடைய முறைகளுள் ஒன்று. பேசினால் குழந்தை முகத்தைப் பார்க்கும். பேசாமல் செய்தால் கையைப் பார்க்கும்.

திருத்தணிப் பக்கத்துக் குழந்தைகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1960 மார்ச்சு முடிய ஆந்திர மாநிலத்தில் இருந்து, ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதி அது. ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கு பேசுவாள், பேரன் தமிழ் பேசுவான், பள்ளியிலோ ஆங்கிலம். மூன்று மொழிகளில் அதட்டல் கேட்டு வளரும் குழந்தைக்கு, ஒரு மொழியும் இல்லாமல் மெதுவாக அசையும் இரண்டு கைகள் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அந்த வட்டாரத்து மக்களுக்கு இது புதிய முறையும் அன்று. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்கள் நெசவுக்குப் பேர் போனவை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அதை எடுத்து முடிந்துவிட்டு மறுபடியும் நெய்யத் தொடங்குகிறார். முடிச்சுப் பருமனாக இருந்தால் அச்சுக்குள் போகாது. தளர்வாக இருந்தால் நில்லாது. இந்த நுட்பத்தை அவருக்கு யார் வகுப்பு நடத்திக் கற்பித்தார்கள்? பெரியவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

சரி, உங்கள் தம்பிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் கற்பிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நல்ல சமயம். கற்கும் காலணி குழந்தையின் காலில் இருக்க வேண்டாம். குனிந்துகொண்டே கற்பது கடினம். தரையிலோ பலகையின்மேலோ, காலணியின் மூக்கு குழந்தையை விட்டு விலகி அப்புறம் பார்க்கும்படி வையுங்கள். காலில் அணியும்போதும் அது அப்படித்தானே இருக்கும்? பெட்டி அட்டையில் இரண்டு வரிசையாகத் துளையிட்டுக் கயிற்றைக் கோத்தால் அதுவே மாண்டிசோரிச் சட்டகம் ஆகிவிடும். காசு செலவு இல்லை. இரண்டு நிறத்தில் இரண்டு கயிறுகளை எடுத்து, அவற்றின் ஒரு முனையை அட்டைக்கு அடியில் முடிந்துவிடுங்கள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. அப்பொழுது 'இந்தக் கயிறு, அந்தக் கயிறு' என்ற குழப்பம் தீர்ந்துவிடும். 'சிவப்பு வெள்ளையின்மேல் போகிறது' என்றால் போதும். வழுக்கும் உருண்டை நைலான் கயிறு வேண்டாம். தட்டையான பருத்திக் கயிறு சொன்னபடி கேட்கும். கயிற்றின் நுனியில் இருக்கும் பூண் கழன்றிருந்தால் மெழுகை உருக்கித் தோய்த்து இறுக்கிவிடுங்கள். நுனி பிரிந்த கயிற்றைக் கண்ணில் கோக்க முயன்று பெரியவர்களே பொறுமை இழக்கிறோம்.

எங்கே உட்காருவது என்பது முக்கியம். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலம் அவனுக்கு இடமாகிவிடும். பக்கத்தில் உட்காருங்கள், அல்லது அவனை முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து உங்கள் கைகளை அவன் கைகளோடு நீட்டுங்கள். குழந்தை இடக்கைப் பழக்கம் உடையதாகவும் நீங்கள் வலக்கைக்காரராகவும் இருந்தால் மட்டும் எதிரே உட்காரலாம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அது உங்களைப் பார்த்துச் செய்யும். இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயலாதீர்கள். முடிச்சுக்கு எந்தக் கையும் ஒன்றுதான்.

அடுத்தபடியாக ஓர் உபாயம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். செய்து பார்த்தால் அதன் அருமை தெரியும். கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுங்கள். முதல் நாள் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, இரண்டு காதுகளையும் இழுத்து இறுக்கும் வேலையை மட்டும் அவனுக்கு விடுங்கள். முடிச்சு முடிந்துவிடும்; முடித்தவன் அவன்! அது கைக்கு வந்ததும், சந்துக்குள் தள்ளுவதையும் சேர்த்து விடுங்கள். பிறகு சுற்றுவதை, பிறகு காது மடிப்பதை. இப்படிப் பின்னாலிருந்து முன்னாலே வாருங்கள். தொடக்கத்திலிருந்து கற்பித்தால் குழந்தை ஒவ்வொரு முறையும் பாதி வழியில் தோற்று நிற்கிறது. பெரியவர் வந்து முடிக்கிறார். முடிவிலிருந்து கற்பித்தால் ஒவ்வொரு முறையும் வெற்றியில் கொண்டுபோய் முடிக்கிறது. மனவளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நெடுநாளாகக் கையாண்டு வரும் முறை இது.

இன்று உதவியோடு செய்வதை நாளை குழந்தை தனியே செய்யும் என்பது, 1934-இல் 37-ஆம் வயதில் காலமான ரஷ்ய உளநூல் அறிஞர் வைகாட்ஸ்கியின் கருத்து. பெரியவர் செய்யும் இத்தகைய உதவியை, கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டு 1976-இல் ஜெரோம் புரூனரும் அவருடைய நண்பர்களும் எழுதினார்கள். உவமை பொருத்தமானது. சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது. சுவர் எழும்பிய பின்பும் சாரத்தைப் பிரிக்காவிட்டால் அந்த வீட்டில் யார் குடியிருப்பது?

ஒரு குழந்தைக்கு மேற்சொன்ன முறை வராவிட்டால், இன்னொரு முறை உண்டு. இரண்டு கயிறுகளையும் இரண்டு காதுகளாக மடித்துக்கொண்டு, முதல் முடிச்சைப் போட்டதுபோலவே அந்தக் காதுகளைக் குறுக்கே போட்டு ஒன்றை நுழைத்து இழுக்க வேண்டும். விளையும் முடிச்சு ஒன்றே. சிறு குழந்தைகளுள் பலருக்கு இது எளிது. எந்த முறையானாலும் ஒன்றை மறவாதீர்கள்: குழந்தை கோணலாகக் கட்டிய முடிச்சை அதன் கண் எதிரே அவிழ்த்து நேராக்காதீர்கள். தளர்ந்து அவிழட்டும், மறுபடியும் அதுவே கட்டட்டும்.

முடிச்சு ஏன் அவிழ்கிறது என்பதையும் கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. காலணி முடிச்சு உண்மையில் இரண்டு முடிச்சுகள். அடியில் ஒன்று, காதுகளோடு மேலே ஒன்று. முதலில் இடக் கயிறு வலக் கயிற்றின்மேல் போயிருந்தால், இரண்டாவதில் வலம் இடத்தின்மேல் போக வேண்டும். இரண்டும் எதிர்த் திசையில் அமைந்தால் முடிச்சு உறுதியாக நிற்கும். காதுகள் காலணிக்குக் குறுக்கே அழகாகப் படுத்திருக்கும். இரண்டும் ஒரே திசையில் போனால் முடிச்சு முறுக்கிக்கொண்டு, ஒரு காது விரல்களையும் ஒரு காது குதிகாலையும் பார்க்கும், விரைவில் நழுவிவிடும். உங்கள் காலணியை இப்பொழுதே குனிந்து பாருங்கள். பல ஆண்டுகளாகத் தவறாகக் கட்டி வருபவர்கள் உங்களிலும் இருக்கக்கூடும்! முதற்படியில் கயிறுகளைக் குறுக்கே போடும் திசையை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.

2017-இல் கலிபோர்னியாவில் பர்க்லி பல்கலைக்கழக அறிஞர்கள் மூவர் இதை ஆராய்ந்து, ராயல் சொஸைட்டியின் ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓடும் காலின் காலணியை அதிவேகக் காமிராவால் படம் பிடித்துப் பார்த்தார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல் ஏழு மடங்கு விசையில் அதிர்ச்சி ஏற்படுகிறது. அது முடிச்சை நெகிழ்த்துகிறது. வீசிச் செல்லும் காலோடு கயிற்றின் நுனிகளும் சவுக்குப்போல் வீசி, நெகிழ்ந்த முடிச்சை மெல்ல மெல்ல வெளியே இழுக்கின்றன. நெடுநேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஓரிரண்டு அடிகளுக்குள் முழுவதும் அவிழ்ந்துவிடும். 'இப்போதுதானே கட்டினேன்' என்று குழந்தை அழுதால் அது பொய்யன்று.

கண்களில் கயிற்றைக் கோக்கும் விதங்களை ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பர்க்கார்ட் போல்ஸ்டர் 2002-இல் கணக்கிட்டு ஆராய்ந்தார். எத்தனையோ விதங்களில் கோக்கலாம். ஆயினும் நாம் எல்லோரும் கோக்கும் குறுக்கு முறையும் நேர்க்கோட்டு முறையுமே மிக வலிமையானவை என்று கண்டார். கணிதம் அறியாத மக்கள் நெடுங்காலமாகச் செய்து செய்தே இதைக் கண்டுகொண்டார்கள் போலும். ஆர்மேனியாவின் குகை ஒன்றில் 2008-இல் கிடைத்த தோல் காலணி சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதிலும் கண் வைத்துக் கயிறு கோத்திருக்கிறது!

இனி, என் சொந்தக் கதை ஒன்று. நான்காம் வகுப்பு வரையில் எனக்கு இந்த முடிச்சு வராது. கயிறுகளைக் காலணிக்குள்ளே திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போவேன். ஒரு நாள் தேகப்பயிற்சி நேரத்தில் ஓடும்போது காலணி கழன்று பறந்து விழுந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்தி, கட்டிக் காட்டச் சொன்னார்கள். விரல்கள் நடுங்கின, கட்ட முடியவில்லை. அன்று முதல் தேகப்பயிற்சி நாளில் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

கோடை விடுமுறையில் சிற்றப்பாவின் ஊருக்குப் போயிருந்தேன். அவர் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைக் கம்பத்தில் சுற்றி, நுனி முழுவதையும் இழுத்துவிடாமல் ஒரு மடிப்பாக நிறுத்தினார். "கன்று இழுத்தா இறுகும், நான் இந்த நுனியை இழுத்தா அவிழும். பாரு" என்றார். நான் அதை அன்று இருபது முறையாவது கட்டி அவிழ்த்திருப்பேன். அவிழ்ப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போடும் முடிச்சு அது. காலணியின் காதுகளும் அதற்காகத்தானே இருக்கின்றன என்று திடீரென்று விளங்கியது. இரண்டு நாட்களில் காலணி முடிச்சும் கைக்கு வந்துவிட்டது. சிற்றப்பாவுக்கு என் பள்ளிக்கூடத்துச் சங்கடம் ஒன்றும் தெரியாது.

ஏழு, எட்டு வயதாகியும், பொறுமையாகக் காட்டியும், பொத்தானோ முடிச்சோ கைக்கு வராத குழந்தைகளும் இருக்கிறார்கள். அறிவில் குறை இராது; ஆயினும் கை சொன்னபடி கேளாது. எழுத்துக் கோணும், பந்து நழுவும், சோறு சிந்தும். இயக்க ஒருங்கிணைப்புக் குறை என்று மருத்துவர்கள் கூறும் இந்நிலை, பள்ளி வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேரிடம் காணப்படுகிறது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று கொள்ளலாம். இவர்களைத்தான் நாம் சோம்பேறி, கவனமில்லாதவன் என்று ஏசிவிடுகிறோம். இவர்களுக்கு உதவ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் விசாரித்து அழைத்துச் செல்லலாம்.

அத்தகைய குழந்தைக்குக் கயிறில்லாத காலணி வாங்கித் தருவதில் இழிவு ஒன்றுமில்லை. வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையை நீங்கள் அறிவீர்கள். ஸ்விட்ஸர்லாந்து நாட்டு எஞ்சினீயர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் தம் நாயின் மயிரில் ஒட்டிக்கொண்டிருந்த முட்காய்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நம் ஊர் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்வதைப் போன்றதுதான். நுண்ணிய கொக்கிகளைக் கண்ட அவர் பல ஆண்டு முயன்று அந்தப் பட்டையைச் செய்து 1955-இல் உரிமம் பெற்றார். கை வலுவில்லாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது பேருதவி. ஆனால் கற்க வல்ல குழந்தைக்கு, நம் நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் அதை வாங்கிக் கொடுத்துவிடுவது எனக்கு உடன்பாடு அன்று.

மேனாட்டுக் குழந்தை காலையில் கட்டும் காலணியை இரவில் கழற்றினாலும் கழற்றும். நம் குழந்தைக்கு அப்படி இல்லை. வீட்டு வாசலில் கழற்ற வேண்டும். சில பள்ளிகளில் வகுப்பு வாயிலிலும் கழற்ற வேண்டும். உறவினர் வீட்டில் கழற்ற வேண்டும். திருத்தணி மலையடிவாரத்திலே கழற்றி வைத்துவிட்டு 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறி முருகனைத் தரிசித்து வந்தால், இறங்கியதும் மறுபடியும் கட்ட வேண்டும். செருப்புப் போட்டவர்கள் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். கட்டத் தெரியாத சிறுவன் மட்டும் ஒரு படியில் உட்கார்ந்து, யாராவது குனிய மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான். நம் நாட்டில் ஒரு குழந்தை ஒரே நாளில் நான்கைந்து தடவை கட்டியவிழ்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு இவ்வளவு வாய்ப்பு வேறு எந்த நாட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும்?

அன்று கே.ஜி.கண்டிகையில் வேன் வருவதற்குச் சிறிது தாமதம் ஆயிற்று. அக்கா தன் பையை எடுக்க உள்ளே போனாள். சிறுவன் திண்ணையிலிருந்து குதித்து இறங்கி, ஒரு கோழியை விரட்டிக்கொண்டு ஓடினான். அவசரத்தில் அக்கா போட்ட முடிச்சு ஒரே திசை முடிச்சாக இருந்திருக்க வேண்டும். பத்தடி ஓடுவதற்குள் இடக்காலில் அவிழ்ந்துவிட்டது. அவன் நின்றான். வாசலைத் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. சாலையோரத்துக் கல் ஒன்றின்மேல் காலைத் தூக்கி வைத்து, இரண்டு கயிறுகளையும் எடுத்துக் குறுக்கே போட்டு, அடியில் நுழைத்து இழுத்தான். இந்த முறை அது நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு காதை மடித்துப் பிடித்தான். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது.